கிறிஸ்துமஸ் கழிந்து குளக்கரையில்: பறவை பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடாது. 26 முழுக்கச் சொந்தக்காரர் வீடுகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பலகாரத் தட்டு போய்வந்துகொண்டிருக்கும். வாசலில் கட்டிய நட்சத்திரம் புத்தாண்டு தாண்டியும் எரியும். சென்னை, கோவை, பெங்களூரு என்று வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் ஊரில் இருப்பது வருடத்தில் அந்த ஒரு வாரம்தான். கல்லூரி நாட்களில் ஆறு பேராகப் பறவை பார்க்கத் தொடங்கிய எங்கள் கூட்டமும் அப்போதுதான் ஒன்று கூடுகிறது. 27 அல்லது 28-ஆம் தேதி விடிவதற்கு முன் கிளம்பி, ஏதாவது ஒரு குளக்கரையில் நிற்போம். இப்போது கணவன், மனைவி, பிள்ளைகள், பிள்ளைகளின் சிநேகிதர்கள் என்று பதினைந்து பேர் வரை சேர்ந்துவிடுகிறோம்.

ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒருவராவது வருவார். முந்தின நாள் போன் செய்து, "எனக்குக் காக்காவையும் மைனாவையும் விட்டால் ஒன்றும் தெரியாதே, நான் வந்து என்ன செய்ய?" என்று கேட்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே போன்ற சந்திப்பைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவும். காக்காவும் மைனாவும் தெரிந்தால் போதும், தாராளமாக வரலாம்.

ஏன் இந்த வாரம்?

விடுமுறை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்வதற்குள் நெல்லைச் சீமையின் குளங்கள் பெருகி, பல குளங்களில் மறுகால் பாய்ந்திருக்கும். வடக்கிலிருந்து வரும் வாத்துகளும், உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகளும் செப்டம்பர், அக்டோபரிலிருந்தே வந்து இறங்கினாலும், டிசம்பர் கடைசியில்தான் இடம் பிடித்து நிதானமாக மேயும். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். நம் ஊர் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்ட மரம் தேடி வருவதும் இதே பருவத்தில்தான். வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கும் பறவைகளுக்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கியோடு போவார்கள். எந்த அணி அதிகமாகச் சுட்டு வீழ்த்துகிறதோ அதற்கு வெற்றி. 1900-ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதை விட்டுவிட்டு எண்ணலாமே என்று அழைப்பு விடுத்தார். அந்த டிசம்பர் 25 அன்று 27 பேர், 25 இடங்களில் எண்ணினார்கள். இன்றைக்கும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கள் சந்திப்புக்கு அதோடு எந்த ஒட்டும் கிடையாது. ஆனால் அந்தக் கதையைக் கேட்ட வருடத்திலிருந்துதான் நாங்களும் பார்த்ததோடு நிற்காமல் எண்ணத் தொடங்கினோம்.

முதல் வேலை: நாளும் இடமும்

நாளை டிசம்பர் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். 26 வேண்டாம், வீடுகளில் விருந்தாள் கூட்டம் ஓய்ந்திருக்காது. ஞாயிறும் வேண்டாம், கோயில் ஆராதனைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். ஆள் கணக்கும் முக்கியம். பதினைந்துக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து குளத்தின் இரண்டு பக்கம் போக வேண்டும். ஒரு வருடம் 22 பேர் ஒன்றாகவே கரையில் ஏறினோம். முதல் கால் மணி நேரத்திலேயே வாத்துக் கூட்டம் எழுந்து பார்வைக்கு எட்டாத தூரத்தில் போய் இறங்கிவிட்டது. அன்று முழுக்க அது கிட்டே வரவே இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. வருடத்துக்கு ஒரு புது இடம் என்று அலையாதீர்கள். ஒரே குளத்துக்கு, ஒரே வாரத்தில், திரும்பத் திரும்பப் போங்கள். அப்போதுதான் "போன வருடம் இந்த மூலையில் தாமரை இருந்ததே", "அந்த உடைமரத்தை வெட்டிவிட்டார்களா?" என்று கண்ணில் படும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் திருநெல்வேலி டவுன் நயினார்குளமே போதும். ஊர் நடுவில் நின்றபடி நாரையும் நீர்க்காகமும் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்க இருக்கிறது என்றால் நாங்கள் கூந்தன்குளம் போவோம்.

கூந்தன்குளம் நாங்குநேரி வட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டரில் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள்; இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் உண்டு. மொத்தப் பரப்பு சுமார் 129 ஹெக்டேர்தான். அதன் பெருமை பரப்பில் இல்லை, ஊர்க்காரர்களிடம் இருக்கிறது. அங்கே நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் தெருவில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டும். கீழே எச்சம் விழும், மீன் நாற்றம் அடிக்கும், விடிய விடியக் குஞ்சுகளின் சத்தம். யாரும் ஒரு கல் எடுத்து எறிய மாட்டார்கள். பறவை வந்தால் மழையும் விளைச்சலும் வரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்து மண் வயலுக்கு உரமாகவும் போகும். நீங்கள் முதல்முறை போகும்போது பறவைக்கு முன்னால் அந்த மனிதர்களைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டு வாசலில் நின்று கூட்டைப் பார்க்க வேண்டியிருந்தால், "அக்கா, கொஞ்சம் நின்னு பாத்துக்கிடட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதுவரை ஒருவர்கூட எங்களிடம் வேண்டாம் என்று சொன்னதில்லை.

குளத்துக்குப் போகவே முடியாத வருடமும் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. குளங்கள் உடைந்தன. எங்களில் ஒருவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. 28-ஆம் தேதி எல்லாரும் மண்வெட்டியோடு அங்கே போய்ச் சேறு அள்ளினோம். மதியம் மொட்டைமாடியில் சாப்பிட உட்கார்ந்தபோது மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக வந்து அமர்ந்தன. எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்று எண்ணினார்: 43. அந்த வருடக் குறிப்பேட்டில் இடம் "மொட்டைமாடி" என்றுதான் இருக்கிறது, 11 வகைப் பறவைகள். ஆகவே குளம் இல்லை என்பதற்காகச் சந்திப்பைக் கைவிடாதீர்கள்.

முந்தின இரவு எடுத்து வைக்க வேண்டியவை

பைனாகுலர் வாங்கிவிட்டு வர வேண்டும் என்று நினைத்து நிறையப் பேர் வராமலே இருந்துவிடுகிறார்கள். முதல்முறை வாங்கவே வாங்காதீர்கள். குழுவில் இரண்டு மூன்று இருக்கும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பிடித்துப்போய் வாங்கத் தோன்றினால் 8×42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும், பார்க்கும் பரப்பும் குறுகும்.

உடை மங்கலான நிறத்தில் இருக்கட்டும்: காக்கி, பச்சை, சாம்பல். கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுச் சிவப்புச் சட்டையை அன்று ஒரு நாள் வீட்டில் வையுங்கள். தொப்பி, தண்ணீர், காலைச் சுற்றி மூடும் செருப்பு அல்லது ஷூ. கரையோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும், ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், மார்கழிப் பனியில் தாள் நமுத்துப்போனால் எழுதாது.

போனில் மெர்லின், ஈபேர்ட் என்ற இரண்டு செயலிகளை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; குளக்கரையில் சிக்னல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மெர்லின் படத்தையும் குரலையும் வைத்துப் பறவையின் பெயரை ஊகித்துச் சொல்லும். அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள். ஈபேர்ட் நம் பட்டியலைப் பதிவு செய்யும் இடம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாப்பாடு? மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைவிடக் குளக்கரைக்கு ஏற்ற சாப்பாடு இல்லை. வாழையிலையில் கட்டிக்கொண்டால் குப்பையும் சேராது. கூடவே வீட்டில் மிச்சமிருக்கும் பலகாரம் எல்லாம் வரும்: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம், கேக். தூத்துக்குடியிலிருந்து வரும் நண்பர் மக்ரூன் கொண்டுவருவார். பிளாஸ்டிக் பையில் மட்டும் எதையும் கொண்டுவராதீர்கள்.

அன்று காலை

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும். அதற்கு முன்னால் கரையில் இருக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். தெருக்களில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். மூலைக்கரைப்பட்டியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம்.

கரையில் ஏறியதும் பைனாகுலரைத் தூக்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். இருட்டு பிரியும்போது முதலில் காதுதான் வேலை செய்யும். "டிட்-யூ-டூ-இட்" என்று கத்திக்கொண்டு பறப்பது ஆள்காட்டி. நாம் வந்ததைக் குளம் முழுக்கச் சொல்லிவிடும். தண்ணீருக்கு மேல் சலசலவென்று கேட்பது வாத்துகளின் பேச்சு. அப்புறம் வெளிச்சம் வர வர, கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாக உருவம் கொள்ளும்.

இப்போது பைனாகுலர். கண்ணாடி போட்டிருந்தால் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே திருகி இறக்குங்கள். இல்லாவிட்டால் மேலே ஏற்றுங்கள். இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரே வட்டமாகத் தெரியும்வரை நடுவில் மடக்கிச் சரிசெய்யுங்கள். அடுத்து வலது கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் ஒரு பனைமரத்தை இடது கண்ணால் மட்டும் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, அதே பனையை வலது கண்ணால் பார்த்து, வலது பக்கம் உள்ள சிறு வளையத்தைத் திருகுங்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால் நாள் முழுக்க நடுச் சக்கரம் மட்டும் போதும். இதைச் சொல்லித் தராமல் கையில் கொடுத்துவிடுவதால்தான் பலர் "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

பறவையைப் பிடிப்பதற்கும் ஒரு வழி உண்டு. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். மற்றவருக்குக் காட்டும்போது "அதோ, அதோ" என்பதில் பயனில்லை. "ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம், பட்டுப்போன கருவேலத்தில், கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் பக்கத்துக் கிளை" என்று சொன்னால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பார்கள்.

முதலில் எந்தப் பறவைகளைப் பழக வேண்டும்?

பெரியவற்றிலிருந்து தொடங்குங்கள். மஞ்சள் மூக்கு நாரை நெல்லைக் குளங்களில் தப்பாமல் கண்ணில் படும். நீண்ட மஞ்சள் அலகு, நுனியில் லேசாக வளைந்திருக்கும். வால் பக்கம் ரோஜா நிறச் சிறகுகள். அது மீன் பிடிப்பதை ஒருமுறை முழுசாகப் பாருங்கள். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மெதுவாக நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கலக்கிவிடும். கண்ணால் தேடாது; அலகில் ஏதாவது பட்டதும் சட்டென்று மூடும். தலையை அண்ணாந்து ஒரு உலுக்கு, மீன் உள்ளே போய்விடும். கலங்கிய தண்ணீரில் பார்வை எதற்கு உதவும்? இந்த ஒரு பறவையைக் கால் மணி நேரம் பார்த்தவருக்கு, பெயர்ப்பட்டியலை மனப்பாடம் செய்தவரைவிட அதிகம் தெரியும்.

நத்தைகுத்தி நாரையை அலகின் நடுவில் தெரியும் இடைவெளியை வைத்தே சொல்லிவிடலாம். கூழைக்கடாவுக்குத் தாடைக்குக் கீழே பை. கரண்டிவாயன் தன் சப்பையான அலகைத் தண்ணீரில் இடவலமாக அரித்துக்கொண்டே போகும். பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் வைத்து, கழுத்தை மட்டும் பாம்பு போல நீட்டும். உடம்பெல்லாம் கறுப்பாக, நெற்றியில் நாமம் போட்டது போல வெள்ளையாக இருந்தால் அது நாமக்கோழி. தாமரை இலை மேல் நடந்துபோகிற நீளவால் இலைக்கோழியின் கால் விரல்களைப் பாருங்கள். அவ்வளவு நீளமாக இருப்பதால்தான் இலை அமிழாமல் அதைத் தாங்குகிறது. வாத்துகளில் ஊசிவால் வாத்தும், தட்டையான அலகு கொண்ட தட்டைவாயனும் சுலபம். உள்ளான்களை முதல் வருடம் விட்டுவிடுங்கள். பத்து வருடம் பார்த்தவர்களே அதில் வாதாடுவார்கள்.

கூந்தன்குளத்தில் எல்லாரும் தேடுவது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது; 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தனை மலையைத் தாண்டி வந்த பறவை நாங்குநேரிப் பக்கத்துப் புல்லை நிதானமாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். அதன் கழுத்தில் எழுத்தும் எண்ணும் போட்ட பட்டை தெரிந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். எங்கே மாட்டப்பட்ட பட்டை என்பதை வைத்து அது வந்த வழியைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருக்கும். மஞ்சள் மூக்கு நாரையையே சங்குவளை நாரை, வர்ண நாரை என்றும் சொல்வார்கள். கரையில் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி ஒரு பெயர் சொன்னால் திருத்தாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் இங்கே வரும் ஒரு பறவை காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும். அதனால் நம்மவர்கள் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

நோட்டு புதியவர் கையில்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். குறிப்பேட்டை எழுதுவது அன்று புதிதாக வந்தவர். அனுபவசாலிகள் பார்த்துச் சொல்வார்கள், அவர் எழுதுவார். இதனால் ஒவ்வொரு பெயரும் அவர் காதில் விழுந்து கையில் எழுத்தாக வரும். "எது? எங்கே? எனக்குத் தெரியவில்லையே" என்று கேட்கும் உரிமையும் அவருக்கு வந்துவிடும்; அவர் பார்க்காமல் எழுதக்கூடாது என்பது விதி. நாள் முடிவில் குழுவிலேயே அதிகம் பார்த்தவர் அவராகத்தான் இருப்பார். ஒரு வருடம் இந்த வேலையைச் செய்த எட்டாம் வகுப்புப் பெண் அடுத்த வருடம் ஆண் ஊசிவால் வாத்தையும் பெண்ணையும் எங்களுக்குப் பிரித்துச் சொன்னாள்.

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், வானிலை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். ஐம்பதுக்குக் குறைவான பறவைகளை ஒன்றொன்றாக எண்ணலாம். பெரிய கூட்டம் என்றால் இடது ஓரத்திலிருந்து பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போங்கள். மிகப் பெரிய கூட்டத்துக்கு நூறு நூறாக. இருவர் தனித்தனியே எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். 300-ம் 340-ம் வந்தால் கவலை இல்லை. 300-ம் 700-ம் வந்தால் திரும்ப எண்ண வேண்டும். காக்கா, மைனா, மாடப்புறா எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சாதாரணப் பறவைதானே என்று விட்டால், அது குறைந்துபோகும் நாளில் நம்மிடம் கணக்கு இருக்காது.

கரையில் செய்யக்கூடாதவை

கூடு இருக்கும் மரத்துக்குக் கிட்டே போகாதீர்கள். தாய்ப்பறவை பயந்து எழுந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் காகமோ பருந்தோ முட்டையைத் தூக்கிவிடும், வெயில் குஞ்சைச் சுடும். பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டுவது, கல் எறிவது, தண்ணீருக்குள் இறங்கி விரட்டுவது கூடவே கூடாது. வடக்கிலிருந்து வந்த பறவைகள் திரும்பிப் போகும் பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கத்தான் இங்கே மேய்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது அலையும்.

பேச்சும் அப்படித்தான். ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறோம், சொல்ல ஆயிரம் இருக்கும். ஆனால் கரையில் பறவைப் பேச்சு, நிழலில் வீட்டுப் பேச்சு என்று பிரித்துவிட்டோம். காது பறவைக்கு வேண்டும் என்பதால் தொடங்கிய ஏற்பாடு இது. வேறொரு நன்மையும் அதில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவை இழந்து இரண்டு மாதமே ஆன நண்பர் ஒருவர் ஒரு வருடம் வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி) ஒரு நாரைக் கூட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டு விலகி நின்றோம். இருபது நிமிடம் அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வெயிலுக்கு இறக்கையை விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் குடுத்துக்கிட்டே நிக்குது" என்றார். அன்று மதியம் மரத்தடியில் அவராகவே அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆகவே ஆர்வத்தில் அவசரப்பட்டு யாரையும் நலம் விசாரித்துத் துளைக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள்.

மரத்தடி

ஒன்பதரை, பத்து மணிக்கு வெயில் ஏறி, தண்ணீர் பளபளக்கத் தொடங்கியதும் பறவைகளும் ஓய்ந்துவிடும். அப்போது குளத்தை விட்டுத் தள்ளி ஒரு மரத்தடியில் உட்காருங்கள். இலையைப் பிரித்ததும் எல்லாக் கதையும் வெளியே வரும்: யாருக்கு வேலை மாறியது, யார் வீட்டில் கல்யாணம், யார் முழங்கால் வலியால் கரை ஏற முடியாமல் போனது, யார் எந்த ஊரில் என்ன பறவை பார்த்தார்கள். பெங்களூரிலிருந்து வருபவர் தன் அலுவலக ஜன்னலில் கூடு கட்டிய புறாவைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார். நாங்கள் கேட்போம்.

புதியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தக் கட்டத்தில் போனை எடுத்து ஓரமாக உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பழைய கதைகள் புரியாது என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் காலையில் எழுதிய பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒரு கதை சொல்வார்கள், அதிலேயே நீங்கள் கூட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். சந்தேகம் உள்ள பறவைகளை அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள். தீராவிட்டால் "அடையாளம் தெரியாத உள்ளான், 6" என்றே எழுதலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

கிளம்பும்போது இலையை மாட்டுக்குப் போடுங்கள், மற்றதை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரோ போட்டுவிட்டுப் போன பாட்டிலையும் சேர்த்துத்தான்.

வீடு திரும்பிய பிறகு

பட்டியலை அன்றைக்கே ஈபேர்டில் ஏற்றிவிடுங்கள். இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வண்டி ஏறுவதற்குள் முடித்தால் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருவர் ஏற்றி மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டால் போதும், ஆளுக்கு ஒன்றாகப் போட்டால் ஒரே நாரை பதினைந்து நாரையாகிவிடும். நோட்டுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2011 முதல் நடக்கிறது. தன்னார்வலர்களைக் குழுக்களாகப் பிரித்து நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளம் குளமாக அனுப்புவார்கள். ஊரில் இருப்பவர்கள் அதில் சேர்ந்துகொள்ளுங்கள், எண்ணுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. வெளியூர் போய்விட்டவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015-இல் தொடங்கியது, பொங்கல் விடுமுறையில் நான்கு நாட்கள். குளத்துக்குப் போக வேண்டும் என்றுகூட இல்லை. மொட்டைமாடியிலோ பூங்காவிலோ தெருமுனையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணிப் பதிவு செய்தால் போதும். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் பொங்கல் காலை பானை பொங்கி முடிந்ததும் அந்த 15 நிமிடத்தை ஒதுக்குங்கள். பட்டியலை எங்களுக்கும் அனுப்புங்கள், காக்காவில் தொடங்கி.